கறைக்கு மேலே எழுதியவர்

சடையங்குப்பம் பக்கத்துப் பள்ளியில் நான் கணக்குப் பாடம் எடுத்தபோது, அடுத்த வகுப்பில் ஒல்லியான தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். வெள்ளம் கரும்பலகையில் விட்டுப்போன கறைக்கு மேலேதான் எழுதுவார். தெருப்பேச்சு அதிகாரிகள் காதில் ஏறாது என்று, பிள்ளைகளை முழு வாக்கியமாகப் பேசப் பழக்கினார்.

ஒரு வருட மழையில் வெள்ளச் சேதம் பார்க்க அதிகாரி ஒருவர் பள்ளிக்கு வந்தார். ஒரு மாணவி முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, எங்கள் வீடுகளுக்குள் சாக்கடை நீர் புகுந்துவிட்டது. வடிகால் அமைத்துத் தாருங்கள்."

"அடடே, தமிழ் என்னமா பேசுது பொண்ணு!" என்று எல்லோரையும் கைதட்டச் சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

"இன்னா சார், எதுனா தப்பா சொல்ட்டேனா?" என்று அவள் ஆசிரியரிடம் கேட்டாள்.

"ஒரு தப்பும் இல்லம்மா."

அடுத்த வருட மழையில் கறை இன்னும் ஒரு சாண் ஏறியது. ஆசிரியர் எக்கி நின்று அதற்கும் மேலே எழுதினார். யாரை நம்பி என்று எனக்கு இன்றும் புரியவில்லை.