படிச் சத்தம் கேட்கும் அம்பிளிபயர்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கத்துத் தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் தளத்தில் குடியிருந்தபோது, என் வீட்டில் மனைவிக்கு அடுத்த மரியாதை என் அம்பிளிபயருக்குத்தான். ஜப்பான்காரன் செய்தது. ஒருவர் பாவித்ததைத்தான் வாங்கினேன் என்றாலும் குறை சொல்ல முடியாத சாமான். மேலே ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் மூடியில் கை வைக்க முடியாது. "அதுக்கு மேல அப்பளத்தைக் காயப் போட்டா என்ன?" என்று மனைவி கேட்பாள். குளிர்ந்த நாட்களில் அதன் மேல் ஒரு பல்லி வந்து படுக்கும். நான் விரட்டுவதில்லை. அதற்காவது என் அம்பிளிபயரின் அருமை தெரிந்திருந்தது.

ஆனால் அதன் குரலைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல நான் விட்டதில்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் கை விழுந்தால் நெஞ்சுக்குள் விழும். பாடுகிறவர் மூச்சு வாங்குவதில்கூட ஒரு சூடு இருக்கும். இதெல்லாம் சத்தக் குமிழைத் தாராளமாகத் திருப்பினால்தான். அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் எந்தத் தமிழன் அப்படித் திருப்பினான்? சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டார்கள். மனைவியின் தம்பி கப்பலில் வந்து சேர்ந்து, கனடா விசாவுக்காக எங்களோடு தங்கியிருந்தான். இருபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. பிடித்துக்கொண்டு போவதற்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாத காலம் அது.

அவனுக்குக் கொட்டாஞ்சேனையில் ஆங்கில வகுப்பு. காலி வீதியால் பஸ்ஸில் திரும்பி வரும்போது சோதனைச் சாவடிகளில் ஆமிக்காரர் இறக்கி ஏற்றிச் சோதிப்பார்கள். பின்னேரமானால் மனைவி முழுவதும் காதாகிவிடுவாள். பாட்டுப் போடலாம், ஆனால் படியில் யாராவது ஏறுவதும் கதவு தட்டுவதும் கேட்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மயிரிழைகூடக் கூடாது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழ் வீடுகளிலும் அதுதான் சத்தத்தின் அளவு. வெளிநாட்டு ஒலிச் சஞ்சிகைகளில் எழுதுகிறவர்களுக்கு இப்படி ஓர் அளவு இருப்பது தெரியாது.

அந்த அளவில் என் பெரியவர், அதுதான் என் அம்பிளிபயர், கோபித்துக்கொள்வார். குமிழை அடியில் வைத்தால் இடது பக்க ஸ்பீக்கர் வாய் திறக்காது. கடற்காற்று குமிழுக்குள் புகுந்து அரித்திருக்க வேண்டும். இடது பக்கத்தோடு மிருதங்கமும் போய்விடும். மிஞ்சுவது பாதிக் கச்சேரியும், டிரான்ஸ்ஃபோமரின் 'ம்ம்ம்' என்ற உறுமலும்தான்.

"பாட்டு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. இந்த உறுமலுக்குள்ள பெடியன் வாறது எனக்குக் கேக்குதில்லை. நிப்பாட்டுங்கோ" என்பாள்.

நான் முகத்தை நீட்டிக்கொண்டு நிறுத்துவேன்.

அப்படியிருக்கையில்தான் கந்தோரில் என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். கிளாஸ் டி அம்பிளிபயர். சாப்பாட்டுப் பெட்டியளவுதான் இருக்கும். உள்ளங்கையில் வைத்தபோது எனக்கு அவமானமாகவே இருந்தது. பாரம் இல்லாத அம்பிளிபயரை நான் அதுவரை மனிதராகவே மதித்ததில்லை.

அது வேலை செய்யும் விதத்தை மனைவிக்கு விளக்கினேன். பழையது தண்ணீர்க் குழாயைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு கூட்டுவதும் குறைப்பதும் போல. அதனால்தான் அவ்வளவு கரண்டும் சூடாக வீணாகிறது. இது கரண்டை நொடிக்கு இலட்சக்கணக்கான தடவை முழுதாகப் போட்டு முழுதாக நிறுத்துகிறது. எவ்வளவு நேரம் போட்டது, எவ்வளவு நேரம் நிறுத்தியது என்பதிலேதான் பாட்டு இருக்கிறது. கடைசியில் ஒரு வடிகட்டி அதைச் சீராக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

"சுவிட்சைப் போட்டுப் போட்டு நிப்பாட்டினா பாட்டு எங்கால வரும்? உங்களை ஆரோ நல்லாப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்" என்றாள்.

எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். போட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை. பழுது என்று நினைத்து வயரைத் தொடப் போனேன். அதற்குள் தம்புரா தொடங்கிவிட்டது. அதற்கு முன் இருந்தது வெறும் அமைதி. உறுமல் இல்லை, இரைச்சல் இல்லை. எங்கள் வீட்டு ஸ்பீக்கர்களுக்கு அப்படி ஒரு அமைதி தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

குமிழ் அடியில் இருக்கும்போதே இடது பக்கம் இருந்தது, மிருதங்கமும் இருந்தது. வீணைத் தந்தியில் விரல் இழுபடுகிற சிறு உரசல்கூடக் கேட்டது. குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாகஸ்வரம் மேலே ஏறும்போது கொஞ்சம் வறண்டது. தொப்பியின் அடி நெஞ்சு வரை வந்தது, உள்ளே இறங்கவில்லை. முதல் கிழமை முழுவதும், எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கியிருக்கிற வீட்டுக்குள் நிற்பது போலத்தான் இருந்தது. இன்னொரு கரைச்சலும் உண்டு. அது ஓடினால் பக்கத்து ரேடியோ கொறகொறவென்று கத்தும். சிற்றலையில் தமிழ்ச் செய்தி கேட்பதா, கச்சேரி கேட்பதா, இரண்டில் ஒன்றுதான். செய்தி முடிந்து, நெஞ்சு கனத்து, பிறகுதான் பாட்டு.

தீர்ப்புச் சொன்னது மனைவிதான். ஒரு பின்னேரம் ஆலாபனை போய்க்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இது நல்லம். பாட்டும் கேக்குது, படியும் கேக்குது."

நான் வாசித்த எந்தச் சஞ்சிகையிலும் அதைவிட நல்ல விமர்சனம் இல்லை. பெரியவரைச் சுவரோரம் தள்ளி, அவர் தலையில் தொலைபேசியை வைத்தோம். பல்லி மட்டும் சில நாள் வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஒருநாள் தம்பி வரவில்லை. வழக்கமான நேரம் தாண்டியது, இருட்டியும் விட்டது. நான் பாட்டை நிறுத்தப் போனேன். "விடுங்கோ. சும்மா இருந்தா எனக்கு விசர் பிடிக்கும்" என்றாள். சீடி ஓடியது. இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எத்தனையோ கச்சேரிகளைக் கவனமாகக் கேட்டிருக்கிறேன். அன்று அவள் கேட்டதைப் போல ஒருவர் கேட்டு நான் கண்டதில்லை. வயலின் நடுவில் அவள் சட்டென்று எழுந்தாள்.

"வாறான்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அவன் பாய்ஞ்செல்லோ ஏறுறவன். ஒவ்வொரு படியா வாறான், ஏதோ நடந்திருக்குது" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள். தம்பிதான். சாவடியில் இறக்கிப் பொலிசுக்குக் கொண்டுபோய், வந்ததையும் போவதையும் திரும்பத் திரும்பக் கேட்டு விட்டிருக்கிறார்கள். "ஒண்டுமில்லை அக்கா, விட்டிட்டாங்கள்" என்றான். நான் அந்தச் சின்னப் பெட்டியைக் கும்பிட்டிருப்பேன். வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் வகுப்புக்குப் போகவில்லை. சில மாதங்களில் விசா வந்தது. விமான நிலையத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு வந்தும், விமானம் ஏறினானா, இடையில் எங்காவது மறித்தார்களா என்று அவள் சாப்பிடாமலே இருந்தாள். அடுத்த நாள் காலை பெரியவரின் தலையிலிருந்த தொலைபேசி அடித்தது. "வந்திட்டன் அக்கா. சரியான குளிர்" என்றான். அவள் 'ஓம் ஓம்' என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு நேரே போய், அதுவரை தொடாத அந்தக் குமிழைப் பிடித்துத் திருப்பினாள்.

நாகஸ்வரமும் தவிலும் வீடு முழுக்க எழுந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இவ்வளவு இருந்ததா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தொட்டுப் பார்த்தேன், சூடுகூட இல்லை. மனைவி நடு வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

பாட்டு முடியத்தான் கதவு அதிர்வது தெரிந்தது. திறந்தேன். கீழ் வீட்டுச் சிங்கள அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, கலவரப்பட்ட முகத்தோடு நின்றார். "மொகத உனே?", என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். சத்தமே வராத வீட்டில் இவ்வளவு சத்தம் வந்ததும், ஏதோ நடந்துவிட்டது என்று ஓடி வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாகத் தட்டுகிறேன் தெரியுமா என்றார்.

மனைவி அவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எனக்குக் கேக்கேல்லையப்பா. கதவு தட்டினது எனக்குக் கேக்கேல்லை."