எரியவிட்டு வந்த விளக்கு

அக்டோபரில் போர்ச்சுகலில் இருக்கும் மகளிடம் போனோம். கண்பட்டுவிடும் என்று மனைவி பயந்ததால் சென்னையை ஒட்டிய எங்கள் முடிச்சூரில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. திருடனை ஏமாற்ற ஹால் விளக்கை எரியவிட்டுக் கிளம்பினோம்.

அங்கே கடற்கரை, காடு, இலை சிவந்த திராட்சைத் தோட்டங்கள். ஒரு தோட்டத்தில் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது எதிர்வீட்டு டேவிட் போன் செய்தார்.

"சார், எங்க இருக்கீங்க? தெருவுல இடுப்பளவு தண்ணி. கரண்ட் இல்ல. உங்க வீட்ல மட்டும் லைட் எரியுது. கதவத் தட்டித் தட்டிப் பாக்கறேன், சத்தமே இல்ல!"

போன வெள்ளத்துக்குப் பிறகு உயரத்தில் ஏற்றிவைத்த இன்வெர்ட்டர் எரியவைத்த விளக்கு அது. நாங்கள் உள்ளே மாட்டிக்கொண்டதாக நினைத்திருக்கிறார்.

அப்போதும் என் வாய், "கோயம்புத்தூர்ல இருக்கோம்" என்றது.

"அப்பாடா! உள்ள இல்லல்ல, அது போதும் சார்."

அவர் குரலுக்குப் பின்னால் தண்ணீர் சலசலத்தது.

திரும்பி வந்தபோது அவர் வீட்டு மெத்தைகள் வாசலில் காய்ந்துகொண்டிருந்தன. எங்கள் கதவைத் தட்டிய நேரத்தில் அவற்றை அவர் மேலே ஏற்றியிருக்கலாம்.

"கோயம்புத்தூர்லயும் மழையா சார்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

இல்லை என்றேன். அதற்கு மேல் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.