அப்பாவிடமே பதில் சொன்ன மில்காரர்

"கவர்மெண்டு வேலைய வுட்டுட்டு யாராச்சும் மாவு மில்லு வாங்குவாங்களாங்க?" என்று, என்னோடு வந்திருந்த அப்பாவிடம் கேட்டவர், அந்த மில்லை எனக்கு விற்க இருந்தவரேதான்.

பாலக்கோட்டில் மில் வைத்திருந்தார். கண்ணிமை வரை ராகி மாவு படிந்திருக்கும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். யூனியன் ஆபீசில் கிளார்க். ஆனாலும் நான் எதைக் கேட்டாலும் என் அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

"மோட்டார் எப்படிங்க ஓடுது?" என்று நான் கேட்டால், "போன வருஷந்தானுங்க எரிஞ்சுபோன காயில மாத்திப் புதுசா கட்டுனேன்" என்பார் அப்பாவிடம்.

"எனக்கென்னங்க தெரியும், வாங்கறது அவதான்" என்று அப்பா மூன்று முறை சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேச்சு மும்முரத்தில், இடுப்பில் குழந்தையோடு வந்த ஒருத்தியின் ராகியை, மிளகாய் அரைத்த மிஷினில் அப்படியே கொட்டப் போனார்.

"நிறுத்துங்க! காரம் போகத் தவுடு போட்டு ஓட்டிட்டுக் கொட்டுங்க. கொழந்த குடிக்கிற கூழுங்க அது!" என்று கத்தினேன்.

முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். தவிடு போட்டு ஓட்டினார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "பொண்ணு வெவரமாத்தான் இருக்குது. சரி, நீங்க என்ன முடிவு பண்ணுனீங்க?" என்றார்.

என்னைத் தடுக்கப் பார்த்தாரா, ஒரு ஆளாகவே எண்ணவில்லையா என்பது இன்றும் புரியவில்லை. ராஜினாமாக் கடிதத்தை அன்று காலையிலேயே ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் அங்கே போயிருந்தேன்.