கல்யாணக் கமெராவும் கழற்றிய ஸ்னோமொபைலும்

கிரீஸ் மணமும் ரோல்ஸ் பொரிக்கிற மணமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜ், ஒரு சனி ஞாயிறு முழுக்க அப்படித்தான் மணத்தது...

2000களின் நடுப்பகுதி. என் கணவருக்கு சவர்லாந்து மலைப்பக்கம் ஒரு சின்னப் பனிச்சறுக்குத் திடலில் வேலை கிடைத்திருந்தது. அதுவரை உணவகங்களில் கோப்பை கழுவியவர். இப்போதுதான் பகலில் வேலைக்குப் போய், பிள்ளைகள் தூங்குவதற்கு முன் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார். ப்ரோபெட்சைட், அதுதான் அந்தப் பரீட்சைக் காலம், முடியப் போகிற நேரம். செஃப், அதாவது அங்கத்தைய முதலாளி, கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் திரும்பவும் கோப்பைதான்.

அந்த நேரம் பார்த்து அங்கிருந்த ஸ்னோமொபைலின் பின்பக்க சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் உடைந்தது. பனியில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சில்லு இருக்கிற இடத்தில் அகலமான ரப்பர் பட்டி சுற்றும். சஸ்பென்ஷன் அந்தப் பட்டிக்கு உள்ளே படுத்திருக்கும். யாருக்குத் திருத்தத் தெரியும் என்று செஃப் கேட்க, இவர் கையைத் தூக்கிவிட்டார்.

"உங்களுக்கு உது தெரியுமோ?" என்று கேட்டேன்.

"மன்னாரில ட்ராக்டரே கழட்டினனான். உது சின்னச் சாமான்."

அந்த ட்ராக்டரைத் திரும்பப் பூட்டியது வேறு யாரோ.

சனிக்கிழமை காலை ஸ்னோமொபைல் டிரெய்லரில் எங்கள் கராஜுக்கு வந்து இறங்கியது. திங்கள் காலை அது மலையில் நிற்க வேண்டும்.

இவர் செய்த ஒரே புத்திசாலித்தனம், கழற்றுவதை வீடியோ எடுக்கச் சொன்னது. கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் பூட்டிவிடலாமாம். அதற்கு என் தம்பி ஸ்டீபனைக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்துக் கல்யாணம், சாமத்தியவீடு, முதல்நன்மை எல்லாவற்றுக்கும் கமெரா பிடிப்பவன் அவன்தான்.

செய்தி பரவி, காணாத சாமானைக் காணச் சனம் வந்துவிட்டது. வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா... ரோல்ஸ் பொரித்தேன், தேத்தண்ணி ஊற்றினேன். மெஷினைப் பழைய மெத்தையில் பக்கவாட்டில் சரித்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, சஸ்பென்ஷனை வெளியே இழுத்தார்கள். கைதட்டல்கூட விழுந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அதே கூட்டம் திரும்பி வந்தது. புது ஸ்பிரிங் போட்டாயிற்று. ஒரு போல்ட் மட்டும் உள்ளே போக மறுத்தது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டால் மேல்வீட்டு மனிதர் சும்மா விடமாட்டார். அதனால் இவர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துத் தேவாலயத்தில் மணி அடிக்கும்வரை காத்திருந்து, மணியோடு சேர்த்து அடித்தார். தேவாலய மணிக்காக இவர் அவ்வளவு ஆவலோடு காத்திருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

எல்லாம் பூட்டி முடிந்தது. மெத்தையில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டு மிச்சமாகக் கிடந்தது.

"கொம்பனிக்காரன் கூட ஒண்டு போட்டிருப்பான் அத்தான்," என்றான் ஸ்டீபன்.

இவர் சிரிக்கவில்லை. "உது இல்லாமல் கொண்டுபோய் ஆரும் விழுந்தெழும்பினா, என்ர வேலை அண்டைக்கே போச்சு."

முகம் வெளுத்திருந்தது. அது எங்கே இருந்தது என்று வீடியோவில் பார்க்க, எல்லோரும் எங்கள் முன்னறையில் டிவி முன்னால் குந்தினோம்.

வீடியோவில் முதலில் பெரியவர்கள். பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமும். பிறகு என் தோடு. "அந்த போல்ட்டை வடிவாப் பாருங்கோ" என்று இவருடைய குரல் கேட்கிறது, படத்தில் ரோல்ஸ் தட்டு.

"சாமான் எங்கையடா?"

"அத்தான், ஒரு ஆளை விட்டிட்டு எடுத்தாலும் பிறகு கோவிப்பினம்."

கடைசியில் திரையில் அருளப்பு அண்ணை வந்தார். நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரர். பொரித்தது எதையும் வாயில் வைக்கவில்லை என்று மனைவி ராணி அக்காவிடம் சத்தியம் செய்திருந்தவர். படத்தில் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தலைக்குப் பின்னால் என் கணவரின் கைகள் எதையோ இழுக்கின்றன, தலை மறைக்கிறது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, அண்ணை இரண்டாவது ரோல்ஸ் எடுக்கக் குனிந்தார். முன்பக்கத்துக் கம்பியின் இடது நுனியிலிருந்து இவர் அந்தக் குழாயை உருவுவது தெளிவாகத் தெரிந்தது.

"நிப்பாட்டு, நிப்பாட்டு," என்றார் இவர்.

"ஓம், நிப்பாட்டு தம்பி," என்றார் ராணி அக்கா. "உது எத்தினையாவது?"

"அவன்ர வேலைக்காகத்தானே குனிஞ்சனான்," என்றார் அருளப்பு அண்ணை.

திரும்பக் கழற்றி, திரும்பப் பூட்டி, அந்த போல்ட்டுக்கு மாலை மணிவரை காத்திருந்தார்கள். திங்கள் காலை செஃப் அதில் மலையைச் சுற்றி ஓடிப்பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இவர் தொலைபேசியில் அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. நான் சமையலறையில் நின்று அழுதேன்.

போன மாதம் மகன் தன் காரின் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றினான். போனில் யாரோ செய்துகாட்டும் ஒரு வீடியோ. கையுறை போட்ட இரண்டு கைகள், ஒவ்வொரு போல்ட்டும் பளிச்சென்று தெரிகிறது. இவர் டார்ச் லைட்டோடு பக்கத்தில் போய் நின்றார்.

"தேவையில்லை அப்பா, இதில எல்லாம் கிடக்கு," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் வேலை முடிந்து கையும் கழுவிவிட்டான்.

இவர் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரும் வரேல்லையே?"

"நாங்கள் ஆருக்கும் சொல்லேல்லையே."

"அப்ப ஸ்டீபனுக்காவது ஒருக்கா போன் அடிச்சுச் சொல்லுமன்," என்றார்.

கராஜ் கதவைச் சாத்திவிட்டு மகன் எப்போதோ மேலே போயிருந்தான்.