மேல்மலையில் கேட்ட குரல்

இந்த மலையகத்தில் பறிக்கும் தேயிலைக் கொழுந்து வெளிநாட்டுக் கடைகளுக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனையோ கை மாறுகிறது. அதில் பெண்களின் உழைப்பு என்னவாகிறது என்பதே என் ஆராய்ச்சி. ராகலையில் பிறந்து பல்கலைக்கழகத்துக்குப் போனவள் நான். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அடிக்கடி போய்வந்த காலம் அது.

அங்கே மேல்மலையில் கொழுந்தெடுக்கப் பெண்கள் மறுத்தார்கள். குளவி கொட்டி ஒருத்தி அங்கே இறந்திருந்தாள். பெண்கள் கேட்டும் குளவிக் கூடுகளை யாரும் அகற்றவில்லை. பனிமூட்டம் இறங்கினால் செத்தவள் பேசுகிறாள் என்றார்கள். பேயைச் சொல்லி உரிமை கேட்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

தோட்டத்தை நிர்வகித்த துரை விடவில்லை; ஏறியே ஆகவேண்டும் என்றார். ஒருநாள் காலை அவர்கள் ஏற, நானும் கூடப் போனேன். சற்று நேரத்தில் மூட்டம் வந்து மூடியது. பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை. கொழுந்து ஒடியும் சத்தம் மட்டும். வழக்கமாக வாய் ஓயாத பெண்கள் மூச்சுக் காட்டவில்லை.

மேலேயிருந்து ஓர் இருமல் கேட்டது. பிறகு, "மிஸ், தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

இறந்தவளை ஒருமுறை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேட்டி கண்டிருந்தேன். எழுத்தாக்குவதற்காக, பதிவுசெய்த அவள் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டவள் நான். இருமிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற பெண் என் வாயைப் பொத்தினாள்.

"வேணாங்க மிஸ்."

"மேல யாரு?" என்று கிசுகிசுத்தேன்.

"நமக்கு மேல இன்னிக்கு ஆளே போடலைங்க."

யாரும் ஓடவில்லை. கூடைகளோடு எல்லோரும் ஒன்றாக இறங்கினோம். கீழே துரை என்னைத் தனியே அழைத்தார்.

"படிச்சவங்க நீங்க. இவங்களுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"எனக்கும் அந்தக் குரல் கேட்டுச்சுங்க சேர்," என்றேன். "முதல்ல குளவிக் கூட்டை எடுக்கச் சொல்லுங்க."

அவர் தலைக்குமேல் தெரிந்த மலையைப் பார்த்தார். அந்த வாரமே கூடுகளை அகற்ற ஆட்கள் வந்தார்கள். அதுவரை மேல்மலைக்கு யாரையும் அனுப்பவில்லை.

என் கட்டுரையில் பெண்களின் மறுப்பை ஒரு போராட்ட வடிவம் என்று எழுதினேன். அது பொய்யில்லை. குரலைப் பற்றி எழுத எந்தத் தலைப்பும் பொருந்தவில்லை. அந்தத் தோட்டத்துக்கு இன்றும் போகிறேன். மூட்டம் இறங்கும் நாட்களில் மட்டும் மலை ஏறாமல் லயத்தோடு நின்றுவிடுகிறேன்.