வட்டம் விழாத முப்பத்தாறு தட்டுகள்

பல் மருத்துவக் கல்லூரியின் கிருமி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் அவளுக்கு மாணவிகள் வைத்த பெயர் 'கொதி அக்கா'. கோபத்தில் கொதிப்பதால் இல்லை. கையில் எது சிக்கினாலும் கொதிக்க வைத்துவிடுவாள். இடுக்கி, கண்ணாடிக் குழாய், பஞ்சு எல்லாம் ஆட்டோகிளேவுக்குள் போகும். ஒருமுறை யாருடைய பேனா மூடியோ உள்ளே போய்ச் சப்பட்டையாகத் திரும்பி வந்தது. ஆட்டோகிளேவ் என்றால் வேறொன்றுமில்லை, படிப்பு ஏறிய பிரஷர் குக்கர்.

பத்தொன்பது வருடமாக அவள் கழுவிக் கொடுத்த, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளை வைத்து எத்தனையோ பேர் டாக்டர் ஆனார்கள். எந்த அறிக்கையிலும் அவள் பெயர் வந்ததில்லை. இந்தமுறை பேராசிரியையே சொல்லியிருந்தார்: "தேன் வேலையை நீயே பண்ணும்மா. சரியா வந்தா உன் பேரும் போடறேன்."

வேலை சுலபம்தான். பல்லைச் சொத்தையாக்கும் கிருமியைத் தட்டில் பரப்பி, நடுவில் குழி போட்டு, தேன் ஊற்றி ஒரு நாள் கதகதப்பில் வைக்கணும். கிருமி செத்தால் குழியைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். மூன்று மாதம், முப்பத்தாறு தட்டு, ஒரு வட்டம்கூட விழவில்லை. கிருமிகள் குழி ஓரம்வரை கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன.

"இனிப்பு தின்னா சொத்தைன்னு சொல்றதும் நீங்கதான். இப்ப கிருமிக்கே தேன் ஊத்தினா விருந்துன்னுதானே நினைச்சுக்கும்?" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"நீங்க பஸ்ஸை மட்டும் ஓட்டுங்க."

பேராசிரியை கெடு வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் 'பயனில்லை' என்று எழுதி மூடிவிடலாம். புதன்கிழமை பார்த்து ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம் கிழிந்தது. மெக்கானிக் "நாளைக்கு வர்றேன்" என்றான். எந்த நாளைக்கு என்று சொல்லவில்லை. நல்லவேளை, நான்கு தட்டுகள் முன்பே தயாராக இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, அதே பாட்டில் தேனை அப்படியே ஊற்றினாள்.

வியாழக்கிழமை நான்கு தட்டிலும் வட்டம். ஸ்கேல் வைத்து அளந்தாள். பதினாலு மில்லிமீட்டர்.

சிரிப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது. பக்கத்திலிருந்த மாணவி கேட்டாள்: "அக்கா, அப்ப இத்தனை நாளும் தேனையும் அவிச்சீங்களா?"

"கிருமி இருக்கக் கூடாதேன்னுதான்டி..."

"மேடம்கிட்ட பழைய தேன் சரியில்லை, இது புது பாட்டில்னு சொல்லிடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

தெரியாதுதான். மாடி ஏறும்வரை அதையேதான் நினைத்தாள். அறைக்குள் போனதும் வாய் உண்மையைக் கொட்டிவிட்டது.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "கிருமியைக் கொல்ற சத்து சூட்டுல போயிடும்மா. மூணு மாசம்!"

"யாரும் சொல்லலை மேடம்."

"நீயும் கேக்கலை."

பேராசிரியை கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டினார். கடைசியில், "முப்பத்தாறையும் மறுபடி பண்ணு," என்றார். பெயர் பற்றி அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கீழே வந்து பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு தட்டின் எதிரிலும் 'தேன் அவிக்கப்பட்டது' என்று எழுதினாள். 'செய்தவர்' என்ற கட்டம் இத்தனை வருடமாகக் காலியாகவே கிடந்தது. அதில் தன் பெயரை, பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, முப்பத்தாறு முறை எழுதினாள்.

மாணவி எட்டிப் பார்த்தாள். "அக்கா... உங்க பேரு இதுவா?"

"ஏன், கொதின்னா எங்கப்பா வச்சாரு? போய் மெக்கானிக் வந்தானான்னு பாருடி."