தறிவீட்டுப் பூனையும் மீந்துபோன மாத்திரையும்

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு டாக்டராகப் போன புதிதில் என் மேஜைக்குப் பூனையே வந்ததில்லை. மாடு, ஆடு, கோழிக்குத் தடுப்பூசி, இவ்வளவுதான். பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதுவே எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளும், பிழைத்தால் திரும்பி வரும் என்பது ஊரின் எண்ணம். அதனால் ஒரு காலையில் நெசவுத் தெரு செல்வி நூல் கோன் வருகிற அட்டைப்பெட்டியில் பூனையைப் போட்டு, மேலே துப்பட்டாவைக் கட்டி எடுத்து வந்தபோது அட்டெண்டர் முனிரத்தினத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மேடம், பில்லிகி கூடா மன ஆஸ்பத்ரேனா?" என்றார். பூனைக்குக்கூட நம்ம ஆஸ்பத்திரிதானா என்று தெலுங்கில் நக்கல். எனக்கோ பெட்டியைத் திறந்து பார்க்கிற அவசரம். புதிதாக எது வந்தாலும் எனக்குக் கை பரபரக்கும்.

செல்வி வீட்டில் பவர்லூம். புருஷன் ஏழுமலை குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டதால் தறியை அவளே ஓட்டினாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருக்கும். கஞ்சி வாசத்துக்கு எலி வரும். எலி ஓரிடத்தில் வாய் வைத்தால் போச்சு, இழை இழையாக முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் தறி இருக்கிற வீட்டில் பூனையும் இருக்கும். இந்தப் பூனைக்குப் பெயர் நாடா. தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குறுக்கு நூலோடு நாடா ஓடுவது போல ஓடிக்கொண்டே இருக்குமாம்.

அன்றைக்கு அது ஓடுகிற நிலையில் இல்லை. வயிறு உப்பி, கண் சொருகிக் கிடந்தது. தீனி தொடுவதில்லை, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறது என்றாள்.

"சினையா இருக்குமோ?" என்றேன்.

"சான்ஸே இல்ல மேடம். நான்தான் மாத்திரை குடுத்துக்கினு வரேனே."

"என்ன மாத்திரை?"

செல்வி முனிரத்தினத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் பேச்சு வந்தது.

"நர்ஸம்மா வீட்டாண்ட வந்து கர்ப்பத்தடை மாத்திரை குடுத்துட்டுப் போவாங்க மேடம். அவரு குவைத்துல. எனக்கு எதுக்கு அது? வேணாம்னா, 'அவரு லீவுல வந்தா இன்னா பண்ணுவே'ன்னு கேள்வி மேல கேள்வி. வாங்கி வெச்சிக்குவேன். போன தபா இது போட்ட குட்டிங்க பாவு சுத்தின பீம் மேல ஏறி நூலையே பாழாக்கிடுச்சிங்க. சும்மாதானே கெடக்குதுன்னு கருவாட்டுக்குள்ள வெச்சிக் குடுத்தேன். நல்லாத்தான் துன்னுச்சி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பூனையை நினைத்துப் பயமும் வந்தது. பிற்பாடு விசாரித்துப் பார்த்தேன். அந்தத் தெருவில் ஆம்பளை பெங்களூருக்கும் குவைத்துக்கும் போன பல வீடுகளில் மாத்திரை போய்ச் சேர்ந்த இடம் பூனை வயிறுதான்.

அது பெண்களின் உடம்புக்கு அளந்து செய்த மாத்திரை. பூனைக்கு அந்த ஹார்மோன் தொடர்ந்து உள்ளே போனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துவிடும். கிருமி புகுந்தால் எதிர்த்து நிற்காது, சீழ் கட்டும். பயோமெட்ரா என்போம். வாலைத் தூக்கிப் பார்த்தேன், எதுவும் ஒழுகவில்லை. கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டிருந்தது. மோசமான வகை இதுதான். உள்ளேயே உடைந்தால் பூனை தப்பாது. கர்ப்பப்பையையும் சினைப்பையையும் சேர்த்து எடுக்க வேண்டும், அதுவும் அன்றைக்கே.

"ஆபரேசன் பண்ணா சோம்பேறி ஆயிடும்னு சொல்றாங்களே மேடம். எலி புடிக்குமா?"

"முதல்ல அது பொழைக்கணும் செல்வி."

அவள் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "தறி நின்னுச்சின்னா வீட்ல நான் பேசறதுக்கு இது ஒண்ணுதான் மேடம் இருக்குது. எலி புடிக்காட்டியும் போவுது. பொழைக்க வெச்சிக் குடுங்க."

எங்களிடம் இருந்தது மாட்டை நிறுக்கிற எடை மேடை. பூனைக்கு மயக்க மருந்தை எடை தெரியாமல் கொடுக்க முடியாது. என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டு நிற்கையில், கிண்டலடித்த அதே முனிரத்தினம் எதிரே இருந்த காய்கறிக் கடையிலிருந்து தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். ட்ரிப் ஏற்றி, ஆன்டிபயாடிக் போட்டு, வயிற்றைத் திறந்தேன். கர்ப்பப்பை இரண்டாகப் பிரிகிற கொம்புகள் இரண்டும் பனங்கிழங்குத் தடிமன். கை அழுந்தினால் உடையும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே எடுத்தேன். சாயங்காலம் நாடா தலையைத் தூக்கி முனிரத்தினத்தைப் பார்த்துச் சீறியபோது, அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

குட்டிக்கு எப்போது?

தையல் பிரிக்க வந்தபோது பெட்டியில் இரண்டு பூனை. நாடாவின் கடைசி ஈத்தில் ஒரு பெட்டையைச் செல்வி வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஐந்து மாதம் ஆகப்போகிறது.

"இதுக்கு மாத்திரையே வேணாம், ஆபரேசன் பண்ணிடுங்க. ஆனா ஒரு ஈத்து ஆவட்டும், அப்பதான் ஒடம்பு தெளியும்னு தெருவுல சொல்றாங்க. நெசமா மேடம்?"

பசுவைப் பார்த்துப் பழகியவர்கள் பூனைக்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள். ஒருமுறை குட்டி போடுவதால் பூனையின் உடம்புக்கு எந்த லாபமும் இல்லை. ஐந்து, ஆறு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், சிலது அதற்கும் முன்னால். அதற்குள் செய்துவிட்டால் மடியில் கட்டி வருவது வெகுவாகக் குறையும். பூனைக்கு வருகிற மடிக்கட்டி பெரும்பாலும் புற்றுதான். தள்ளிப்போடப் போட அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும். ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், உடம்பு போடும். தீனியைக் குறைத்தால் போதும். எலி பிடிப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது, கர்ப்பப்பையில் இல்லை. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"அப்ப நாடாவுக்கு?"

"இனிமே சீழ் கட்டாது. மடிக்கு மட்டும் நான் உத்தரவாதம் தர முடியாது. வாரம் ஒருதரம் தடவிப் பாரு."

குட்டிக்கு மறுவாரம் செய்தோம்.

திருப்பதிக்கு வந்த பெட்டி

சில வருஷம் கழித்து என்னைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். அங்கே பிள்ளைகள் அமெரிக்கா போன வீட்டுப் பூனைகள் அழகான கூடைகளில் வரும். அந்த வரிசையில் ஒருநாள் பழைய நூல் பெட்டி. செல்வி நகரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். நாடாவின் மடியில் பட்டாணிக்கும் சின்னதாக ஒரு கட்டி. இவ்வளவு சின்னதில் யாரும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. எடுத்துவிட்டேன்.

"குட்டிக்கு ஒண்ணுமில்ல மேடம். அதே வீடு, அதே கருவாடு. இதுக்கு மட்டும் வந்துக்கீது. நான் குடுத்த மாத்திரைதானே?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "அதுவாவும் இருக்கலாம். லேட்டா ஆபரேஷன் பண்ணதாவும் இருக்கலாம். ஆனா இதைக் கண்டுபிடிச்சது என் கை இல்ல, உன் கை."

அவள் நாடாவைப் பெட்டிக்குள் வைத்துத் துப்பட்டாவைக் கட்டினாள். "அவரு வந்துட்டாரு மேடம், இனிமே போவல. நைட்ல பேசறதுக்கு ஆள் இருக்குது. ஆனாலும் இதும்மேலதான் கை போவுது."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பூனைக்கு எப்போது ஆபரேஷன் பண்ணலாம் என்று யாராவது கேட்டால், முதல் பருவத்துக்கு முன்னால் என்று பதில் சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் அட்டெண்டரை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.